அளந்தவர் பெயர்

மாம்பழக் கணக்கு என்றாலே எனக்கு ஆகாது. ராமுவிடம் பத்து மாம்பழம் இருந்ததாம், நாலைச் சோமுவுக்குக் கொடுத்தானாம், மீதி எத்தனையாம். யார் அந்த ராமு? எந்தத் தோப்பு மாம்பழம்? இதைக் கேட்க ஒரு நாதி இல்லாமல் நாட்டில் பாதிப் பிள்ளைகள் கணக்குப் படித்து முடித்துவிடுகின்றன. பதினெட்டு வருஷமாக ஐந்தாம் வகுப்பு எடுக்கிறேன், என் வகுப்புக்குள் ஒரு ராமுவும் கால் வைத்ததில்லை. "போய் அளந்துட்டு வா, அப்பறம் கணக்கு எழுது" என்பேன். கணக்குக்கு அடியில் 'அளந்தவர்' என்று போட்டுத் தன் பெயரை எழுத வேண்டும். பெயர் இல்லாவிட்டால் நான் படிக்கவே மாட்டேன். அது எனக்கு ஒரு திமிர். அந்தத் திமிரால் ஓர் ஊரே நாறிப்போன கதையைத்தான் சொல்லப்போகிறேன்.

ஐப்பசி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை வெள்ளமடைப் பள்ளியிலிருந்து முதல் மின்னஞ்சல் வந்தது. 'இணை வகுப்பு' என்று அரசாங்கம் ஒரு திட்டம் கொண்டுவந்திருந்தது. ஒரு பள்ளியின் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் தாங்களே வார்த்தைக் கணக்குகள் எழுதி இன்னொரு பள்ளிக்கு அனுப்ப வேண்டும். அவர்கள் விடை போட்டுவிட்டுத் தங்கள் கணக்குகளை அனுப்ப வேண்டும். எங்கள் ஆவாரங்குறிச்சிக்கு இணை, பதினோரு கிலோமீட்டர் தள்ளி இருக்கிற வெள்ளமடை. நடுவில் திட்டத்தின் கணினி ஒன்று எழுத்துப் பிழை பார்த்து அனுப்பும் என்றார்கள். பள்ளியில் இருந்த ஒரே திரையைச் சுற்றி என் இருபத்திரண்டு பிள்ளைகளும் முண்டியடித்துக்கொண்டு நின்றார்கள். முகிலாதான் சத்தமாகப் படித்தாள். வகுப்பிலேயே கெட்டிக்காரி அவள்தான்.

"ஆவாரங்குறிச்சியில் 640 பேர் இருக்கிறார்கள். அவர்களில் நான்கில் ஒரு பங்கு பேர் மட்டுமே வாரத்துக்கு ஒரு முறையாவது குளிக்கிறார்கள். குளிக்காதவர்கள் எத்தனை பேர்?"

 அவள் படித்து முடிக்கவும் கூரை இடியாத குறை. "டீச்சர், நானூத்தி எம்பது பேரு குளிக்கலையாம் டீச்சர்!" என்று விடையையும் போட்டுக்கொண்டே அழுதது ஒரு பிள்ளை.

நான் என்ன செய்திருக்க வேண்டும்? அந்தப் பள்ளி வாத்தியாருக்கு ஒரு போன் போட்டிருக்க வேண்டும். எங்கள் ஊர் ஜனத்தொகை வெள்ளமடைப் பிள்ளைக்கு எப்படித் தெரியும் என்று யோசித்திருக்க வேண்டும். எனக்குத்தான் கோபம் வந்தால் மூளை வேலை செய்யாதே. "அழுகையை நிறுத்துங்க. பதிலுக்கு எழுதுங்க. ஆனா ஒரு எண்ணுகூட இட்டுக்கட்டினதா இருக்கக் கூடாது. உண்மையைச் சொல்லி அவங்க மூஞ்சியில கரியப் பூசணும்" என்றேன்.

அன்றிலிருந்து வாராவாரம் சண்டை. எங்கள் ஊருணியில் எருமைதான் குடிநீர் வடிகட்டுகிறது என்று ஒரு கணக்கு. ஆவாரங்குறிச்சியில் பெண் கொடுத்தால் கூடவே ஒரு தண்ணீர் லாரியும் கொடுக்க வேண்டும் என்று இன்னொரு கணக்கு. என் பிள்ளைகள் ரோஷத்தில் கொதித்தார்கள். ஊருணியைச் சுற்றி நடந்து அடி எண்ணினார்கள். தொட்டியில் குச்சி விட்டு ஆழம் பார்த்தார்கள். கணக்கில் இப்படி ஒரு சுறுசுறுப்பை நான் என் வாழ்நாளில் கண்டதில்லை. உள்ளுக்குள் எனக்குச் சந்தோஷம்கூட, பொய் சொல்வானேன்.

கார்த்திகையில் வந்த கணக்குதான் எமன். "ஆவாரங்குறிச்சியில் மொத்தமே ஒரு கிணறுதான். அதில் ஒரு குடம் நிறைய மூன்று நிமிடம் ஆகும். 640 குடம் நிறைய எத்தனை மணி நேரம்?"

முகிலா பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இரண்டு வாரம் கழித்து ஒரு திங்கட்கிழமை வந்தவள் என் மேஜையில் ஒரு தாளை வைத்தாள்.

"எங்கள் ஊரில் ஓடு போட்டு மூடிய மூன்று கிணறுகள் உள்ளன. ஒரு மோட்டார் மணிக்கு 9,000 லிட்டர் இறைக்கிறது. ஏழு மணி நேரத்தில் கிணறு வற்றுகிறது. மறுநாள் காலைக்குள் மறுபடி நிறைந்துவிடுகிறது. மூன்று கிணறுகளிலும் சேர்த்து ஒரு நாளைக்குக் கிடைக்கும் தண்ணீர் எவ்வளவு? அளந்தவர்: முகிலா."

"ஒன்பதாயிரம்னு எப்படிடி சொல்ற?"

"எரநூறு லிட்டர் டிரம்மை வச்சுப் பாத்தேன் டீச்சர். எம்பது செகண்டுல ரொம்புது. மொத சனிக்கிழமை காலையில எட்டு மணியிலேருந்து மோட்டார் பக்கத்துலயே உக்காந்து கெடந்தேன். மூணு மணிக்குத்தான் தண்ணி வத்திக் காத்து வாங்குச்சு. மறுநாள் போய்ப் பாத்தேன், படிக்கட்டு வரைக்கும் தண்ணி நிக்குது. மத்த ரெண்டையும் அதே மோட்டார வச்சு அப்படித்தான் பாத்தேன்."

ஒரு பத்து வயசுப் பிள்ளை மூன்று கிணற்றடியிலும் நாள் முழுக்கக் காவல் கிடந்து ஓர் எண்ணைக் கொண்டுவந்திருக்கிறது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. கரும்பலகையில் நானே விடை போட்டுக் காட்டினேன்: 1,89,000 லிட்டர். பக்கத்தில் பெரிய டிக்.

அந்தக் கிணறுகளை ஏன் மூடி வைத்திருந்தார்கள் என்று எனக்குத் தெரியும். ஊரில் எல்லாருக்கும் தெரியும். எந்த ஊருக்கு எவ்வளவு குழாய்த் தண்ணீர் என்பதை இப்போது மனுஷர் யாரும் முடிவு செய்வதில்லை. நீர்ப் பங்கீட்டு வாரியத்தின் கணினி முடிவு செய்கிறது. ஜனங்கள் அதற்கு 'நாட்டாமை' என்று பெயர் வைத்திருந்தார்கள். ஏழு வருஷத்துக்கு முன்னால் அது கேட்டபோது ஆவாரங்குறிச்சிக்காரர்கள் யோக்கியமாக எல்லாக் கிணற்றையும் சொன்னார்கள். நாட்டாமை குழாயைப் பாதியாகக் குறைத்தது. சித்திரையில் கிணறும் காய, பிள்ளைகள் வெள்ளமடை வரைக்கும் பிளாஸ்டிக் குடத்தோடு நடந்தார்கள். அதற்குப் பிறகுதான் மூன்று கிணற்றை ஓடு போட்டு மூடி மேலே வைக்கோலைப் பரப்பி, இடிந்து தூர்ந்துவிட்டதாக எழுதிக் கொடுத்தார்கள். மற்ற ஊர்களும் சளைத்தவை அல்ல. வாரியம் கிணற்றுக்குள் பொருத்திய அளவுக் கருவிகளை எல்லா ஊரிலும் ஏதோ ஒரு மாடு தவறாமல் முட்டி உடைத்தது.

இதை அனுப்பலாமா என்று எனக்கும் ஒரு நொடி உறுத்தியது. பத்து வயசுப் பிள்ளைகள் படிக்கிற கடிதம்தானே என்று அமுக்கிவிட்டேன்.

தை மாதம் வாரியத்திலிருந்து நோட்டீஸ் வந்தது. சித்திரை முதல் ஆவாரங்குறிச்சிக்குக் குழாய்த் தண்ணீர் நிறுத்தப்படும். காரணம்: ஊரின் சொந்த நீர் ஆதாரம் நாளொன்றுக்கு 1,89,000 லிட்டர். ஆதாரம்: கள அளவீடு, மணிக்கு 9,000 லிட்டர் மோட்டார். ஊராட்சித் தலைவர் ராக்கப்பன் ஊர் மந்தையில் நின்று அதைப் படித்தார். என் கையால் கரும்பலகையில் எழுதிய எண் அது.

"எந்தப் பயடா காட்டிக் குடுத்தது?" என்று கத்தினார் ராக்கப்பன். "எட்டுப்பட்டிக்கும் தெரியாத சங்கதி நாட்டாமைக்கு எப்படிடா தெரிஞ்சது?"

ஒன்பதாயிரம் லிட்டர் மோட்டார் ஊரில் கருப்பையாவுடையது மட்டும்தான். கருப்பையா முகிலாவின் அப்பா. அவ்வளவு போதாதா? அன்று சாயங்காலமே அவர் மோட்டாரின் வயரை யாரோ அறுத்தார்கள். குழாயடியில் முகிலாவின் குடத்தைக் கடைசிக்குத் தள்ளினார்கள். வகுப்பில் அவள் பக்கத்தில் உட்கார ஆள் இல்லை. அவளுக்குக் காரணம் புரிந்துவிட்டது. எண்ணை அவளும் பார்த்தாள் அல்லவா? என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. நீங்கள் இருக்கிறீர்கள், பார்த்துக்கொள்வீர்கள் என்பது மாதிரி ஒரு பார்வை பார்த்தாள்.

எனக்கு வெள்ளமடைக்காரர்கள்மேல்தான் ஆத்திரம். வேறு யாரிடம் அந்தக் கணக்கு இருந்தது? வந்த கடிதங்களையெல்லாம் அச்செடுத்துக்கொண்டு மறுநாளே ஸ்கூட்டரை எடுத்தேன். மதியச் சாப்பாட்டு நேரம். வேப்பமரத்தடியில் பிள்ளைகள் சாப்பிட்டுக்கொண்டிருக்க, ஒரு கனத்த மனிதர் முட்டை உரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"நீங்கதான் லூர்துசாமி வாத்தியாரா?"

"ஆமா. நீங்க யாரு?"

"குளிக்காத ஊர்லேருந்து வர்றேன்."

அவர் கையிலிருந்த முட்டையைத் தட்டில் வைத்தார். முகம் சிவந்துவிட்டது. "ஓ, நீங்கதானா அந்தம்மா? எங்க ஊர்ல பாதிப் பேரு களவாணி, மீதிப் பேரு களவாணிக்குக் காவல்னு புள்ளைகளை விட்டுக் கணக்கு எழுத வச்சீங்களே, நீங்க எல்லாம் சோறுதான் திங்கிறீங்களா?"

"நாங்களா எழுதினோம்? வாயை அளந்து பேசுங்க சார்!"

"பின்ன எங்க சத்துணவு ஆயாவா எழுதுச்சு?"

பிள்ளைகள் தட்டோடு எழுந்து வேடிக்கை பார்க்க வந்துவிட்டன. நான் என் தாள்களை அவர்மேல் வீசாத குறையாக நீட்டினேன். அவர் விறுவிறுவென்று உள்ளே போய்த் தன் தாள்களையும் பிள்ளைகளின் கணக்கு நோட்டுகளையும் எடுத்து வந்தார். வாரிய நோட்டீஸையும் கிணற்றுக் கணக்கையும் சொல்லிச் சண்டை போட்டுக்கொண்டேதான் ஒப்பிட்டோம். அவர் பிள்ளைகள் முதலில் எழுதியது இது: "அன்புள்ள நண்பர்களே, எங்கள் பள்ளியில் 3 வேப்பமரங்கள் உள்ளன." எங்களுக்கு வந்ததில் வேப்பமரமே இல்லை. என் பிள்ளைகள் களவாணி என்ற சொல்லை எழுதியதே இல்லை.

லூர்துசாமி மெதுவாகத் திண்டில் உட்கார்ந்தார். "நடுவுல இருக்கிற கணினி எழுதியிருக்கு டீச்சர். ரெண்டு பக்கமும் அதுதான் ஏசியிருக்கு."

"எதுக்கு சார்? புள்ளைகளை ஏசி அதுக்கு என்ன கெடைக்கும்?"

"ஒங்க ஊர்ல எத்தனை கிணறுன்னு கேட்டா எந்தப் புள்ளையாவது சொல்லுமா? ஒங்க ஊர்ல கிணறே இல்லன்னு சொல்லிப் பாருங்க. வரிஞ்சு கட்டிக்கிட்டுச் சொல்லும். அந்தக் கணினிக்குப் பின்னால நாட்டாமைதான் ஒக்காந்திருக்கு."

 "அப்ப ஒங்களுக்கும் நோட்டீஸ் வந்துச்சா?"

"இல்லையே." அவர் தயங்கினார். "எம் பயலுக எல்லாம் சும்மா அடிச்சு விட்டான்க டீச்சர். எங்க கண்மாய்ல ஆயிரம் கப்பல் நிக்குதுன்னு ஒருத்தன். எங்க கிணத்துல திமிங்கலம் கெடக்குன்னு ஒருத்தன். நானும் சிரிச்சுக்கிட்டே அனுப்பினேன். அதை வச்சு நாட்டாமை என்ன செய்யும்? ஒங்க புள்ளைகதான் அளந்து எழுதியிருக்கு." பிறகு உண்மையான வருத்தத்தோடு சொன்னார்: "நீங்க ரொம்ப நல்லாச் சொல்லிக் குடுத்துட்டீங்க டீச்சர்."

செருப்பால் அடித்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

திரும்பி வந்ததும் ராக்கப்பனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என்னைத் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது, அத்தனைக்கும் நான் தகுதிதான். மேல்முறையீட்டுக்கு மாசியில் தேதி கொடுத்தார்கள். எனக்கு ஒரு நம்பிக்கை இருந்தது. முகிலா அளந்தது கார்த்திகையில். அடைமழை முடிந்து மண்ணே ஊறிக் கிடந்த மாதம். அப்போது கிணறு ஒரே ராத்திரியில் நிறையும். சித்திரையில் ஒரு வாரம் ஆனாலும் நிறையாது. எண் உண்மைதான், ஆனால் அது கார்த்திகை மாத உண்மை. கணக்கில் மாதத்தை எழுதச் சொல்லாமல் விட்டது என் தப்பு. இதைச் சொன்னால் எந்த முட்டாளுக்கும் புரியும் என்று நினைத்தேன். அளந்தவளே வந்து சொல்லட்டும் என்று முகிலாவையும் அழைத்துக்கொண்டேன். அவள் கணக்கு நோட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ராக்கப்பனின் ஜீப்பில் ஏறினாள். பல நாள் கழித்து அன்றுதான் அவள் முகத்தில் சிரிப்பைப் பார்த்தேன்.

வாரிய அலுவலகத்தில் மதிப்பீட்டு அதிகாரி பிரதீபா எங்களை உட்காரச் சொன்னார். முப்பது வயசுகூட இருக்காது. நல்ல மரியாதையான பெண், அதுவே எனக்கு எரிச்சலாக இருந்தது.

"புள்ளைக எழுதின கடிதத்தை மாத்தி, அதுகளைச் சண்டைக்கு இழுத்து, இதெல்லாம் ஒரு பொழப்பா மேடம்?" என்று ஆரம்பித்தேன்.

"மாத்தலைங்க. ஊக்க வரிகள்னு சேர்ப்போம். போட்டி இருந்தா பசங்க ஆர்வமா எழுதுவாங்க. ஒப்புதல் படிவத்துல ஆறாவது பக்கத்துல இருக்கு. நீங்க கையெழுத்துப் போட்டிருக்கீங்க."

போட்டிருந்தேன். ஆறாவது பக்கத்தை யார் படிக்கிறார்கள்?

"பெரியவங்க எல்லாரும் பொய் சொல்றாங்க டீச்சர்," என்றார் அவர், கெஞ்சுவது மாதிரி. "உங்க ஊரைச் சொல்லலை, எல்லா ஊரும்தான். ஒரு ஊர் மறைக்கற தண்ணி இன்னொரு ஊருக்கு இல்லாமப் போகுது. குழந்தைங்க பொய் சொல்ல மாட்டாங்க, அதனாலதான் இந்த ஏற்பாடு."

 சட்டென்று கார்த்திகைக் கதைக்கு வந்தேன். "மேடம், அந்த எண்ணு மழை மாசத்துல அளந்தது. சித்திரையில அந்தக் கிணறுக..."

"ஒரு நிமிஷம்," என்று கையை உயர்த்தினார். "அப்ப அந்த மூணு கிணறும் இருக்குன்னு சொல்றீங்களா? தூர்ந்துபோச்சுன்னு ஊராட்சி எழுதிக் குடுத்திருக்கே. ஆதாரத்தை மறைச்சிருந்தா அது வேற பிரிவு. அஞ்சு வருஷத்துக்கு இணைப்பே கிடையாது."

ராக்கப்பனின் கால் மேஜைக்கு அடியில் என் காலை மிதித்தது. 

"சொல்லுங்க டீச்சர். கிணறு இருக்கா, இல்லையா?"

ஐந்து வருஷம். அறுநூற்று நாற்பது பேர். வெள்ளமடைப் பாதையில் குடத்தோடு நடக்கிற பிள்ளைகள்.

"இல்ல," என்றேன்.

"அப்ப இந்தக் கணக்கு?"

"புள்ள சும்மா எழுதினது."

அதிகாரி திரையைப் பார்த்தார். "கீழ 'அளந்தவர்: முகிலா'ன்னு இருக்கே?"

"அது சும்மா ஒரு பழக்கம் மேடம். எல்லாக் கணக்குக்கும் அடியில போடுவாங்க. அளந்து கிளந்து எழுதுறதெல்லாம் இல்ல."

பதினெட்டு வருஷத்தை ஒரே வாக்கியத்தில் நான் குழி தோண்டிப் புதைத்தேன். பக்கத்தில் திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

"எழுதின குழந்தையும் சொல்லணும்," என்று அதிகாரி முகிலா பக்கம் குனிந்தார். "பாப்பா, இதை நீ அளந்தியாம்மா?"

முகிலா நோட்டைத் திறந்து வைத்திருந்தாள். டிரம்மின் படம் வரைந்து, பக்கத்தில் எண்பது நொடி என்று மூன்று தடவை அளந்ததை மூன்று வரியாக எழுதியிருந்த பக்கம். அவள் அதிகாரியைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள்.

"சொல்லுத்தா," என்றேன். 

அவள் நோட்டை மூடினாள். "அளக்கல. சும்மா எழுதுனேன்."

"சரி. இந்த வகுப்போட நம்பகம் பூஜ்யம்னு பதிவு பண்ணிடறேன். குழாய் பழையபடி வரும்," என்றார் பிரதீபா. அவர் எங்களை நம்பினாரா, இரக்கப்பட்டாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

ராக்கப்பனுக்குத் தலைகால் புரியவில்லை. வழியில் ஜீப்பை நிறுத்தி முகிலாவுக்குப் போண்டா வாங்கிக் கொடுத்தார். அது அவள் மடியிலேயே ஆறிப்போனது. ஊருக்குள் நுழைந்ததும் கருப்பையாவைக் கட்டிப் பிடித்தார்கள், மோட்டாருக்குப் புது வயர் போட்டார்கள், குழாயடியில் முகிலாவின் குடத்தை முதலில் வைத்தார்கள். "எம்புட்டுக் கெட்டிக்காரத்தனமாப் பொய் சொல்லியிருக்கா பாத்தியா!" என்று பெண்கள் அவள் கன்னத்தைக் கிள்ளினார்கள். அவள் யாரையும் தடுக்கவில்லை. நான் இரண்டு தடவை அவள் வீட்டுக்குப் போனேன். "பரவால்ல டீச்சர்" என்று இரண்டு தடவையும் ஒரே மாதிரி சொன்னாள்.

திட்டத்திலிருந்து விலகுகிறோம் என்று எழுதிப் பார்த்தேன். கல்வியாண்டு முடியும்வரை முடியாது என்று பதில் வந்தது. பங்குனி முதல் வெள்ளிக்கிழமை திரை தானாகவே ஒளிர்ந்து ஒரு கணக்கைக் காட்டியது. வெள்ளமடை என்று பெயர் போட்டிருந்தாலும் யார் எழுதியது என்று எங்களுக்குத் தெரியும்.

"ஆவாரங்குறிச்சி ஐந்தாம் வகுப்பில் 22 பேர் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவருக்கும் உண்மையாக அளக்கத் தெரியாது. அளக்கத் தெரிந்தவர்கள் எத்தனை பேர்?"

கூரை இடியும் என்று காத்திருந்தேன். ஒரு சத்தமும் இல்லை. இருபத்திரண்டு பேரும் நான் என்ன சொல்லப்போகிறேன் என்று பார்ப்பதுபோல் என்னையே பார்த்தார்கள். 'எழுந்திருங்கடி, பதில் எழுதுங்கடா' என்று நெஞ்சு வரைக்கும் வந்தது, வாய்க்கு வரவில்லை.

முகிலா எழுந்து வந்தாள். சாக்கட்டியை எடுத்து, மனனம் பண்ணிய பாடம் மாதிரி அழகான கையெழுத்தில் கரும்பலகையில் எழுதினாள்.

விடை: 0.

அதற்கு அடியில், நான் சொல்லிக்கொடுத்த அதே இடத்தில், 'அளந்தவர்' என்று போட்டு என் பெயரை எழுதினாள். மங்கையர்க்கரசி டீச்சர். பிழையே இல்லை. பிறகு சாக்கட்டியை மேஜையில் வைத்துவிட்டு, நான் டிக் போடுவதற்காகக் காத்துக்கொண்டு அங்கேயே நின்றாள்.